எட்டு டிரம் சேறும் வீரபாண்டித் திருவிழாவும்

தேனிக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது திராட்சை வாங்கி வருவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஏலக்காய் வாங்கி வருவார்கள். நான் எட்டு டிரம் சாக்கடைச் சேறு கொண்டு வந்தேன். அதையும் சும்மா கொண்டு வரவில்லை. கைக்குழந்தையோடு பயணம் செய்கிறவளைப் போல நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்து, மூச்சு இருக்கிறதா என்று சோதித்துக் கொண்டு வந்தேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாளர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் நிலையத்தில் சாக்கடையைச் சுத்தம் செய்வது நானும் இல்லை, இயந்திரங்களும் இல்லை. பெரிய தொட்டியில் காபித்தூள் நிறத்தில் ஒரு சேறு இருக்கிறது. அது முழுக்கப் பாக்டீரியா. இயந்திரம் காற்று ஊத ஊத அவை அழுக்கைத் தின்னும். தெளிந்த தண்ணீர் கழிமுகத்துக்குப் போகும். லீவு கேட்காத, சங்கம் வைக்காத கோடானுகோடி ஊழியர்கள். சித்திரை பிறந்த வாரம் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. வாடை அடித்தால் என்ன நினைப்பாரோ என்ற பதற்றத்தில் நான் பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாக அந்தத் தொட்டியிலேயே கொட்டச் சொன்னேன். வாடை நின்றுவிட்டது. அதிகாரி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். சாயங்காலத்துக்குள் என் ஊழியர்கள் அத்தனை பேரும் செத்துப் போயிருந்தார்கள். நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம்.

அதன் பிறகு ஊர்ச் சாக்கடை வந்தது வந்தபடியே கழிமுகத்துக்குப் போனது. அங்கே முத்துராக்கு என்ற அம்மா வலைக்கூண்டு கட்டி நண்டு வளர்க்கிறார். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே சதை இல்லாமல் தண்ணீராகக் கிடக்கும் களிநண்டுகளை வாங்கிக் கூண்டில் விட்டு, மீன் கழிவு போட்டு மூன்று நான்கு வாரம் தேற்றி விற்பார். அவருடைய குடும்பமே அந்த எட்டுக் கூண்டில்தான் நிற்கிறது. கோடையில் அந்தக் கழிமுகத்துக்குக் கடல்நீர் தவிர வேறு தண்ணீர் என்றால் எங்கள் நிலையத்துத் தண்ணீர்தான். வைகை எங்கள் பக்கம் வரும்போது மணலும் கருவேலமுமாக இருக்கும். ஆற்றுக்கு எங்கள் ஊரில் பெயர்ப் பலகை மட்டும் உண்டு.

அந்தப் பாராட்டுக்கு நான்கு நாள் கழித்து, முத்துராக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் செத்த நண்டுகளோடு அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு கூண்டு முழுசும் போய்விட்டது. மற்ற நண்டுகள் வலையின் மேல் விளிம்பில் ஏறித் தொங்குகின்றன என்றார். "என்ன மேடம் இது?" என்று கேட்டார். நான் பதற்றமே இல்லாமல், "எல்லாம் மேற்கே இருந்து வருதும்மா. மதுரை, தேனி, கம்பம், அங்கிட்டு உள்ள சாக்கடை பூரா வைகையிலதானே கலக்குது" என்றேன். வைகையில் தண்ணீர் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பது அவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பௌர்ணமிக்குள்ள தண்ணி தெளியலைன்னா மிச்ச ஆறு கூண்டும் போயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக் கொண்டு போனார். பௌர்ணமிக்கு மூன்று வாரம் இருந்தது.

செத்த தொட்டியைச் சாணி கரைத்து ஊற்றி மெதுவாக உயிர்ப்பிக்கலாம். அதற்கு இரண்டு மாதம் ஆகும். சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் இன்னொரு நிலையத்திலிருந்து உறைமோர் போலக் கொஞ்சம் சேறு வாங்கிவந்து விட வேண்டும். பக்கத்து ஊர்களில் கேட்டேன். அனுமதிக் கடிதத்துக்கே இரண்டு வாரம் என்றார்கள். கடைசியில், ஒரு பயிற்சி வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நாளும் தூங்கிய செல்லப்பாண்டி ஞாபகத்துக்கு வந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நிலையத்தில் ஆபரேட்டர். போனில் கேட்டதும், "வாங்கக்கா. நம்மகிட்ட ஸ்லட்ஜு கொழுத்துப் போய்க் கெடக்கு. பெரிய சார்ட்ட நான் கேட்டுக்கிறேன். வேணுங்கிறத அள்ளிட்டுப் போங்க" என்றார். நான் யார்மீது பழி போட்டேனோ அவர்களிடமே கையேந்தப் புறப்பட்டேன்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்கிறவர். உசிலம்பட்டி தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"தேனிக்கு என்ன விசயமாப் போறீக?"

"ஒரு சரக்கு எடுக்கணும்."

"ஏலக்காயா?"

"இல்லைங்க."

"அப்பப் பூண்டாத்தான் இருக்கும். நம்ம கடைக்கு வாங்க, மலைப்பூண்டு முதல் தரம் இருக்கு" என்று சட்டைப்பையில் விசிட்டிங் கார்டு தேடினார். சரி, ஒளிப்பானேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கார்டை எடுத்த பையிலேயே திரும்ப வைத்தார். காலடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கி ஜன்னல் பக்கமாக வைத்துக் கொண்டார். ஆண்டிப்பட்டிக் கணவாயில் மலை தெரிய ஆரம்பித்ததும் மனசு கேட்காமல், "அங்கன ஒங்க ஊர்ல சாக்கடையே கெடையாதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "பெறகெதுக்கு இம்புட்டுத் தொலவு?" என்றார். பதில் சொல்ல ஆரம்பித்தால் பிளீச்சிங் பவுடர் வரை போக வேண்டியிருக்கும் என்பதால் தூங்குவது போல நடித்தேன்.

தேனியில் இறங்கியதும் முதலில் எனக்கு வந்தது பொறாமை. அதை ஒப்புக் கொள்கிறேன். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்து இறக்கிவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகும். இங்கே ரோட்டோர வாய்க்காலில் ஒருவர் முட்டளவுத் தண்ணீரில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எருமையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்துக் கொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். அவர், "என்னம்மா, வழி தெரியலையா?" என்றார். தண்ணீரைப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டேன். அது எனக்குப் பின்னாலேயே இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு பரோட்டா. இரண்டு என்று சொல்லி ஐந்து சாப்பிட்டேன். சால்னாவை இன்னொரு கரண்டி ஊற்றுங்கள் என்று கேட்டபோது பரிமாறியவர், "வெளியூரா?" என்றார். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல.

மறுநாள் காலையில் செல்லப்பாண்டியின் நிலையத்துக்குப் போனேன். அவர் ஜெயமங்கலத்துக்காரர், அங்கே கொஞ்சம் நெல் வயலும் உண்டு. பயிற்சி வகுப்பில் தூங்கியதற்குக் காரணம் இங்கே வந்ததும் புரிந்தது. அங்கே சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நிலையத்தைச் சுற்றி ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் திராட்சைப் பந்தல். நடுவில் தொட்டி பொங்கிக் கொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்த வயல் மாதிரி மண் வாசம். நல்ல சேறு இப்படித்தான் மணக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் முகர்ந்தது அன்றுதான்.

கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் மொண்டு மேசைமேல் வைத்தார். அரைமணி நேரத்தில் சேறு அடியில் படிய, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. "நம்ம பயக சொன்ன பேச்சுக் கேப்பாய்ங்க" என்றார். பெற்றவர்களுக்கு வரும் பெருமை. என் ஜாடியில் போன வாரம் பார்த்தது பால் திரிந்தது போல ஒரு கலங்கல்.

"ஒங்களது எப்படிக்கா செத்துச்சு?"

"கரண்ட் கட்" என்றேன். பழக்க தோசம்.

"கரண்டு போனா மயங்கும், சாகாதே" என்று யோசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், ஜாடியைப் பார்த்தபடி கேட்டார். "பிளீச்சிங்கா?"

தலையை ஆட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் சேந்த புதுசுல தரை கழுவுன பினாயிலப் பூராம் இதுக்குள்ளயே விட்டுட்டேன்க்கா. மூணு நாளு வீட்டுல சோறு எறங்கல" என்றார். அவர் வீட்டிலிருந்து வந்த பூண்டுக் குழம்பையும் சுட்ட அப்பளத்தையும் அந்தத் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். பூண்டு வெண்ணெயாகக் கரைந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து இவ்வளவு ருசியாகச் சாப்பிட முடியும் என்பதை என் வீட்டில் இதுவரை யாரும் நம்பவில்லை.

வண்டி ஒரு சின்ன லாரி. டிரைவர் தங்கவேல் கூடலூர்க்காரர். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போய்ப் போய்ப் பாதி மலையாளம் ஒட்டிக் கொண்டது. என்னைச் சேச்சி என்று கூப்பிட்டார். எதைச் சொன்னாலும், பிரச்சினை இல்லை என்ற அர்த்தத்தில் "குழப்பமில்ல" என்றார். எட்டு நீல டிரம்களில் முக்கால் அளவு சேறு நிரப்பினோம். தேனியில் வாங்கி வந்த மீன்தொட்டி மோட்டார்களை லாரி பேட்டரியில் இணைத்து, ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு டியூப் விட்டோம். எட்டிலும் குமிழி வந்தது. நானே வடிவமைத்தது. செல்லப்பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன், போட்டோவும் எடுக்கச் சொன்னேன். அந்தப் போட்டோவில் நான் நிற்கும் தோரணையை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் புறப்படும்போது செல்லப்பாண்டி தெளிவாகச் சொன்னார். "வீரபாண்டியில திருவிழா நடக்குது. அந்தப் பக்கம் போகாதீக. சுத்துனாலும் உப்புக்கோட்டை வழியாப் போயிருங்க." தங்கவேல்கூடச் சுற்றிப் போகத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் போனில் வரைபடத்தைப் பார்த்து, நேர் வழியில் போனால் அரைமணி நேரம் மிச்சம், காற்று இல்லாவிட்டால் இதுகள் செத்துவிடும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று பொறியாளர் மாதிரி பேசினேன். "குழப்பமில்ல" என்று அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

கௌமாரியம்மன் கோயில் திருவிழா என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்த் திருவிழாவை மனசில் வைத்துக் கொண்டு வந்துவிட்டேன். இங்கே ரோடு முழுக்க மஞ்சள் சேலை. தீச்சட்டி ஏந்தி வருகிறார்கள், உடம்பெல்லாம் துளையிட்ட ஆயிரங்கண் பானை எடுத்து வருகிறார்கள். ஆற்றில் முங்கி எழுந்து, ஈரத்தோடு குடத்தில் தண்ணீர் மொண்டு, கோயிலில் நட்டிருக்கும் அத்திமரக் கம்பத்துக்கு ஊற்றப் போகிறார்கள். சாக்கடை என்று நான் பழி போட்ட இந்த ஆற்றுத் தண்ணீரைத் தலையில் தூக்கி வைத்து நடக்கிறார்கள். அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து கொண்டிருந்த நேரத்தில் முன்னால் ஒரு தடுப்பு வந்தது, பின்னால் ஒரு தடுப்பு வந்தது. ஒரு காவலர் வந்து லாரியை ஓரம் கட்டச் சொன்னார். எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். "ஆத்தா விடும்போது" என்றார்.

லாரி நின்ற இடம் ஒரு டீக்கடைக்கும் பிளாஸ்டிக் சாமான் கடைக்கும் நடுவில். வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கவேல் எஞ்சினை அணைத்தார். எஞ்சின் அணைந்தாலும் என் எட்டு மோட்டார்களும் பேட்டரியை உறிஞ்சிக் கொண்டிருந்தன என்பது எனக்குத் தோன்றவில்லை. முக்கால் மணி நேரத்தில் குமிழி நின்றது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டுப் படுத்தது. இந்தத் தடவை தங்கவேல் "குழப்பமில்ல" என்று சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திரும்பிப் பார்த்தால் லாரிக்குப் பின்னால் வரிசை நின்றது. டம்ளரும் சொம்புமாக முப்பது நாற்பது பேர். திருவிழாவில் டிரம் ஏற்றிய வண்டி ஓரமாக நின்றால் அது நேர்த்திக்கடனுக்கு மோர் ஊற்றும் வண்டி. அந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

முதலில் நின்ற பெண்மணிக்கு ஐம்பதை ஒட்டி வயசு இருக்கும். மஞ்சள் சேலை, மணிக்கட்டில் காப்பு, இடுப்பில் காலிக் குடம். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. அவர் கூட வந்தவர் டிரம்மின் மூடியை நகர்த்திப் பார்த்தார்.

"மோரில்ல, பானகம்" என்று பின்னால் திரும்பி அறிவித்தார்.

வரிசை இன்னும் நீண்டது. நான் லாரியின் மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்துக் கத்தினேன். "தொடாதீங்க! அது சாக்கடை!"

அப்புறம் வந்தது வசவு. அதை அப்படியே எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் என் மகள் இதைப் படிப்பாள். அச்சில் போடக்கூடியது பேச்சியம்மாள் கேட்டது மட்டும்தான். "ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா? ஆத்தா கோயில் வாசல்ல, வெரதக்காரக நடக்குற பாதையில, சாக்கடையக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கியே?"

நியாயமான கேள்வி. டிரம்மைத்தான் பார்த்தேன். சேறு அடியில் படிய ஆரம்பித்திருந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. செல்லப்பாண்டியின் ஜாடியில் அழகாக இருந்த அதே காட்சி. இங்கே அதற்கு அர்த்தம், அடியில் மூச்சு முட்டுகிறது என்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், திருவிழாக் கூட்டத்தில், சாக்கடை டிரம்மைப் பார்த்து அழுதேன்.

அழுகையைக் கண்டதும் அவர் குரல் மாறியது. "எதுக்கு அழுகுற? சொல்லு" என்றார். சொன்னேன். இதற்கு உயிர் இருக்கிறது, இந்த வெயிலில் டிரம்முக்குள் காற்று இல்லாவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் செத்துவிடும், இது செத்தால் அங்கே ஒரு அம்மாவின் ஆறு கூண்டு நண்டு செத்துவிடும் என்றேன்.

"மொதல்ல இருந்தது என்னாச்சு?"

சுற்றிலும் மஞ்சள் சேலை, வேப்பிலை, எதிரே கோயில் கோபுரம். கரண்ட் கட் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் கொன்னுட்டேன். பிளீச்சிங் பவுடரக் கொட்டி. அந்தம்மாகிட்ட உங்க ஊர் மேலதான் பழி போட்டேன்."

"எங்க ஊர் மேலயா?" என்றார் பேச்சியம்மாள். திரும்பவும் வசவு வரும் என்று குனிந்து நின்றேன். "சரி, அதப் பெறகு பேசிக்கிருவோம். இப்ப என்ன செய்யணும்?"

மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும், அப்போது காற்று கலக்கும் என்றேன். டீக்கடை மாஸ்டர் அவ்வளவு நேரமும் கேட்டுக் கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்துச் சொன்னார். "டீ ஆத்துற வேலைதானே? கையத் தாரேன், குவளையத் தரமாட்டேன்."

தங்கவேல் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் மக்குகளை அள்ளிக் கொண்டு வந்தார். ரோஜா நிறம், கிளிப்பச்சை. ஆனால் இன்னொரு சிக்கல். காப்புக் கட்டியவர்கள் இதைத் தொடக்கூடாது. வரிசையில் நின்ற பெண்கள் பாதிப் பேர் காப்புக் கட்டியவர்கள். பேச்சியம்மாள் அதற்கு யோசிக்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தாங்க, இங்கன வாங்க!" ஒல்லியாக ஒருவர், கையில் செருப்புப் பையோடு வந்தார். அவருடைய வீட்டுக்காரர். அதைப் பார்த்து மற்ற பெண்களும் அவரவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். விரதக்காரப் பெண்களின் பைகளைச் சுமந்து நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்த அத்தனை கணவன்மார்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார்கள்.

அப்படியே இரண்டரை மணி நேரம். டிரம்முக்கு இரண்டு பேர். மாஸ்டர் மட்டும் தனியாக ஒரு டிரம். ஒரு சொட்டு சிந்தாமல் ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஊற்றினார். பெண்கள் கீழே நின்று வேலை வாங்கினார்கள். "கை சும்மா இருக்கு பாரு", "அந்தக் கடைசி டிரம்முக்கு யாரும் நிக்கல" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இது பாட்டுக்கு ஆத்துல போயிருந்தா என்னம்மா ஆகும்?" எட்டு டிரம்முக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, இது அழுக்கைத் தின்கிற நல்ல சேறு என்றேன். "அப்ப எதுக்குச் சாக்கடைன்னு கத்துனீக? நான் பயந்துல்ல போனேன்" என்றார். பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் சரக்கை நானே அப்படித்தான் அறிமுகம் செய்திருக்கிறேன்.

தடுப்பை எடுத்தபோது நான் டிரம் டிரம்மாக முகர்ந்து பார்த்தேன். ஏழில் மண் வாசம். ஒன்றில் மட்டும் அழுகிய முட்டை வாடை. ஆள் நிற்காத அந்தக் கடைசி டிரம்தான். ஏழு பிழைத்தது. பேச்சியம்மாள் சந்தோசத்தில் ஒரு கை மஞ்சளையும் வேப்பிலைக் கொத்தையும் டிரம்முக்குள் போட வந்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். இரண்டும் கிருமியைக் கொல்லும். ஒரே மாதத்தில் இரண்டாவது கொலை ஆகியிருக்கும். காரணம் சொன்னதும், "அப்பிடியா? அப்ப வண்டிக்குக் கட்டுறேன்" என்று முன்பக்க பம்பரில் கட்டினார். கூட்டமே சேர்ந்து தள்ள, லாரி இருமி, உறுமி, கிளம்பியது. ஓடும் எஞ்சினில் மோட்டார்கள் மறுபடி குமிழி விட்டன. பேச்சியம்மாள் பின்னாலேயே கொஞ்சத் தூரம் வந்து சொன்னார். "அந்தப் பொம்பளகிட்ட உண்மையச் சொல்லிருத்தா."

ஏழு டிரம்மும் உயிரோடு எங்கள் தொட்டியில் இறங்கியது. வெல்லப்பாகும் சாணியும் கரைத்து ஊட்டினோம். முதல் வாரம் வெள்ளை நுரை மட்டும் பொங்கியது. பிறகு நுரை பழுப்பானது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் என் ஜாடியில் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அதற்குள் முத்துராக்குவுக்கு இன்னும் ஒரு கூண்டு போய்விட்டது. ஐந்து பிழைத்தன.

அளவீட்டுத் தாளை எடுத்துக் கொண்டு கழிமுகக் கரைக்குப் போனேன். முத்துராக்கு கூண்டைத் தூக்கி நண்டின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துக் கொண்டிருந்தார். சதை பிடித்திருந்தால் அழுத்தினால் உள்ளே போகாது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பவுடர் கொட்டியதை, மேற்கே கை காட்டியதை, செத்த மூன்று கூண்டும் என்னால்தான் என்பதை. அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "அன்னைக்கே கரை பூராம் பவுடர் வாடை அடிச்சுச்சு மேடம்" என்றார். "நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

தாளை நீட்டினேன். தண்ணீர் இப்போது நன்றாக இருக்கிறது, எண் எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவர் தாளை வாங்கவில்லை. கூண்டிலிருந்து ஒரு பெரிய நண்டை எடுத்து வீட்டுக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார். உப்பும் மிளகும் தட்டிப் போட்டு அவித்து, தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க."

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கழிமுகத்து நண்டு என் வீட்டுக்குள் வந்தது கிடையாது. எங்கள் நிலையத்தில் வேலை பார்க்கும் யாரும் அதை வாங்குவதில்லை. சந்தையில் "எந்தப் பக்கத்து நண்டு?" என்று கேட்டுத்தான் வாங்குவோம். தண்ணீர் சுத்தம் என்று பதினெட்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டவள் நான். என் கை தட்டுக்கு மேலே ஒரு நொடி நின்றது. அதை அவர் பார்த்துவிட்டார்.

உடைத்துச் சாப்பிட்டேன். காலைக்கூட விடவில்லை, உறிஞ்சினேன். இனிப்பாக இருந்தது. நான் முடிக்கும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு வைக்கவில்லை.

"நாளைக்குக் காலையில நீங்க நல்லாருந்தீகன்னா பிள்ளைகளுக்குக் குடுப்பேன். அதுக்குப் பெறகுதான் வியாபாரிய வரச் சொல்லணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் எழுந்து குளித்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் தெருவுக்குப் போனேன். வாசலில் யாரும் இல்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டாவது தடவையும் யாரும் இல்லை. மூன்றாவது தடவை அவர் வாசலுக்கு வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏய், தட்ட எடுத்துட்டு வாங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார்.